கரண்ட் போனால் எரிய வேண்டிய லைட் எரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

இலங்கையின் மலையகத்தில் கரண்ட் போகப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் மரம் கம்பியில் சாயும், ஐப்பசியில் மண் சரியும், பங்குனி சித்திரையில் மத்தியானம் தாண்டினால் இடி இறங்கும். அதனால்தான் தேயிலை ஃபெக்டரி, தோட்ட ஆஸ்பத்திரி, சின்ன ஹோட்டல், பாடசாலை மண்டபம் எல்லாவற்றிலும் படிக்கட்டுக்கு மேலேயும் வாசலுக்கு மேலேயும் பேட்டரி லைட், அதாவது எமர்ஜன்சி லைட், மாட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பழுதுபார்க்க என்னை அழைக்கும்போது சொல்லும் புகார்கள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். அவற்றை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவான காரணம் கடைசியில்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் குறை சொல்கிறார்கள். நான் போய்ப் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் பிழை பேட்டரியில் இல்லை. லைட்டுக்கு வயர் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதில் இருந்தது.

மூடியைத் திறக்கும் முன்

டி.பி.யில், அதாவது கட்டடத்து லைன்கள் பிரியும் பெட்டியில், அந்த லைன் எம்.சி.பி.யை (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சின்ன சுவிட்ச்) இறக்குங்கள். இறக்கியதும் லைட் எரியத் தொடங்கும். அதைப் பார்த்து "இன்னும் கரண்ட் வருகிறது" என்று குழம்ப வேண்டாம், அது பேட்டரி. ஆனால் மெயினையே இறக்கினாலும் அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கிறது என்பதை மறக்கவும் வேண்டாம். பேனல் லைட்டோடு சேர்த்துப் போடும் சில கிட்களில், பேட்டரியில் ஓடும்போதே விளக்குக்குப் போகும் வயரில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பேட்டரி பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பழைய ஃபெக்டரிகளில் இன்னொரு ஆபத்து, வயரின் நிறம். பழைய முறையில் கறுப்பு என்றால் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்). சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்). புதிய முறையில் நீலம் நியூட்ரல். பிரவுன், கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ். பழையதும் புதியதும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சந்திக்கும் இடத்தில் நிறத்தை நம்பினால் உயிர் போகும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் எது எது என்று முடிவு செய்யுங்கள். மீட்டர் கையில் இல்லை என்றால் மூடியைத் திறக்காதீர்கள். நியோன் டெஸ்டர் இதற்குப் போதாது.

அறிகுறி 1: கரண்ட் போனது, லைட் வரவே இல்லை

முதல் கேள்வி: கரண்ட் இருந்தபோது பச்சைப் பொட்டு விளக்கு எரிந்ததா?

பச்சை எரியவில்லை என்றால்

சார்ஜ் ஏறவில்லை. எம்.சி.பி. மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சாவி போட்டுத் திருப்பும் டெஸ்ட் சுவிட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். சோதனைக்குத் திருப்பிவிட்டு அப்படியே விட்டுப்போன சாவியால் பேட்டரி முழுக்க வடிந்த கதை ஏராளம். புதிதாக மாட்டிய லைட் என்றால் மூடியைத் திறந்து பேட்டரி பிளக்கைப் பாருங்கள். பெட்டியில் வரும்போது அது கழற்றியே இருக்கும், மாட்ட மறந்துவிடுகிறார்கள். காசு செலவில்லாத பழுது இதுதான்.

இவை சரி என்றால் டெர்மினலில் நிரந்தர ஃபேஸுக்கும் (சுவிட்ச் வழியாக வராமல் எப்போதும் கரண்ட் இருக்கும் வயர்) நியூட்ரலுக்கும் இடையே அளந்து பாருங்கள். நமக்கு 230 வோல்ட், கூடக் குறைய 6 சதவீதம். அதாவது 216க்கும் 244க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் வரும் வழியில் எங்கேயோ இணைப்பு விட்டிருக்கிறது. வோல்ட் சரியாக இருந்தும் பச்சை எரியவில்லை என்றால் பேட்டரி வயரின் நுனியைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் அதுதான் காரணம். அதுவும் சுத்தம் என்றால் சார்ஜ் போர்டு போய்விட்டது. சின்ன லைட்டில் போர்டைப் பழுதுபார்க்காமல் லைட்டையே மாற்றுவதுதான் லாபம்.

பச்சை எரிந்தது என்றால்

டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தினாலும் வரவில்லை என்றால் விளக்கோ பேட்டரியோ போர்டோ கெட்டிருக்கிறது. அறிகுறி 3க்குப் போங்கள். அழுத்தினால் வருகிறது, இருட்டானால் மட்டும் வரவில்லை என்றால் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள்.

அறிகுறி 2: ஒரு பக்கம் இருண்டுவிட்டது, லைட் பச்சைப் பொட்டோடு சும்மா இருக்கிறது

மஸ்கெலியாப் பக்கம் ஒரு ஃபெக்டரி. கொழுந்து வாட்டும் மேல்மாடியிலிருந்து ரோலர் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கும் மரப்படி. இரவு ஷிஃப்டில் படிக்கட்டு லைன் எம்.சி.பி. மட்டும் விழுந்தது. மற்ற எல்லாம் ஓடுகிறது. கூடையோடு பாதிப் படியில் நின்ற அக்கா ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ போன் வெளிச்சம் கொண்டுவரும் வரை எழுந்திருக்கவில்லை. அவர் தலைக்கு நேர் மேலே எமர்ஜன்சி லைட். பச்சைப் பொட்டு அழகாக எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, பேட்டரி நல்லாத்தானே இருக்கு, அப்ப ஏன் எரியல?"

காரணம், அந்த லைட்டுக்கு ஆபீஸ் பிளக் லைனிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். ஆபீஸில் கரண்ட் இருக்கும்வரை அந்த லைட்டுக்கு எங்குமே இருட்டு இல்லை.

வயரிங்குக்கு இங்கே நாம் பின்பற்றுவது பிரித்தானிய விதிகளான பி.எஸ். 7671. எமர்ஜன்சி லைட்டுக்கு பி.எஸ். 5266. இந்த விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. எந்த இடத்தின் வெளிச்சம் போனால் இந்த லைட் எரிய வேண்டுமோ, அந்த இடத்தின் லைட் லைனிலிருந்தே இதற்கு ஃபேஸ் வர வேண்டும். அதுவும் சுவிட்சுக்கு முன்னாலிருந்து. அப்போதுதான் அந்த ஒரு எம்.சி.பி. விழுந்தாலும் லைட் எழும். கட்டடம் முழுவதும் இருண்டால் மட்டும் எரியும் லைட் பாதி லைட்தான்.

சோதிக்கும் முறை எளிது, செலவும் இல்லை. டெஸ்ட் பொத்தானைத் தொடாதீர்கள். டி.பி.யில் லைட் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒன்றை இறக்கியதும் எந்த இடம் இருள்கிறது, அங்கே எமர்ஜன்சி லைட் எழுகிறதா என்று இன்னொருவர் நின்று பார்க்கட்டும். எழவில்லை என்றால் அந்த லைட் தப்பான லைனில் இருக்கிறது. பேப்பரில் எழுதிக்கொண்டு அதை ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்து லைட் உள்ள கட்டடத்துக்கு ஒரு மணி நேரம் போதும். பொத்தானை அழுத்தினால் பேட்டரிக்கும் விளக்குக்கும் மட்டும்தான் பதில் கிடைக்கும். வயர் சரியா என்பதற்குக் கிடைக்காது.

சரி செய்வது வயரிங் வேலை, தகுதிச் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். கரண்ட் போனால் மட்டும் எரியும் வகை என்றால் நிரந்தர ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் போதும். எப்போதும் எரியும் வகைக்கு சுவிட்ச் வழியாக வரும் ஃபேஸ் ஒன்றும் கூடவே வேண்டும். அந்த இரண்டு ஃபேஸும் ஒரே லைனிலிருந்து வர வேண்டும். த்ரீ ஃபேஸ் கட்டடத்தில் ஒன்றை ஒரு ஃபேஸிலிருந்தும் மற்றதை வேறு ஃபேஸிலிருந்தும் எடுத்துவிட்டால் ஒரே பெட்டிக்குள் 400 வோல்ட் நிற்கும். வேலை செய்ய வருபவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் ஓடியதும் அணைந்துவிடுகிறது, ஆனால் அறை இன்னும் இருட்டு

இதுவும் அதே நோய்தான். ஜெனரேட்டர் எல்லா லைனுக்கும் கொடுப்பதில்லை. டிரையர், ஆபீஸ், சில விளக்குகள், அவ்வளவுதான். எமர்ஜன்சி லைட் ஜெனரேட்டர் ஏறும் லைனில் இருக்கிறது, அறையின் சாதாரண விளக்கு ஏறாத லைனில் இருக்கிறது. ஜெனரேட்டர் எழுந்ததும் "கரண்ட் வந்துவிட்டது" என்று எமர்ஜன்சி லைட் அணைகிறது. எம்.சி.பி. சோதனையை ஜெனரேட்டர் ஓடும்போதும் ஒருமுறை செய்து பாருங்கள். அப்போதுதான் இது பிடிபடும்.

அறிகுறி 3: எரிந்தது, ஆனால் கால் மணி நேரத்தில் மங்கிவிட்டது

இங்கேதான் பேட்டரி வருகிறது. ஆட்கள் தங்கும் கட்டடத்துக்கு 3 மணி நேரம் தாங்க வேண்டும். மற்ற இடங்களுக்கும் நான் 3 மணி நேரமே கேட்பேன். மலையில் ஒரு மரம் விழுந்தால் வெட்டி எடுத்துக் கம்பி கட்ட அதற்கு மேலேயே ஆகிறது.

முதலில் கேட்க வேண்டியது, பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஏற நேரம் இருந்ததா? வடிந்த பேட்டரிக்கு 24 மணி நேரம் கரண்ட் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அப்போது நல்ல பேட்டரிகூட இரவில் பாதியில் நின்றது. அதைப் பழுது என்று நினைத்துப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் பலர். முதலில் ஒரு முழு நாள் சார்ஜ் ஏற விட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து வோல்டேஜ். லைனின் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் 190க்குக் கீழே இறங்குவது உண்டு. சார்ஜர் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். இரவு ஏழு மணிக்கு அளந்து பாருங்கள், காலையில் அளந்தால் தெரியாது. தொடர்ந்து 216க்குக் கீழே இருந்தால் மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம் பேட்டரி. மல்டிமீட்டரை வெறுமனே வைத்துப் பார்த்தால் செத்த பேட்டரியும் உயிரோடு இருப்பதுபோலக் காட்டும். லைட்டை எரியவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து அளந்து பாருங்கள்.

நிக்கல் காட்மியம் குச்சி (செல்களை வரிசையாக ஒட்டிய பேட்டரி) என்றால் பெரும்பாலும் 3.6 வோல்ட், உள்ளே 1.2 வோல்ட் செல் மூன்று. எரியும்போது 3.6 பக்கத்தில் நின்றால் நல்லது. சட்டென்று 2.4க்கு இறங்கினால் ஒரு செல் போய்விட்டது, குச்சி முழுவதையும் மாற்ற வேண்டும். ஒரு செல்லை மட்டும் மாற்றிச் சால்டர் பிடிக்க வேண்டாம்.

ஈய அமில பேட்டரி 12 வோல்ட் என்றால் எரியும்போது 10.5, 6 வோல்ட் என்றால் 5.25. அதற்குக் கீழே போனால் முடிந்தது. இந்த வகைக்குப் பெரிய எதிரி வடிந்த நிலையிலேயே கிடப்பது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் வராத இடங்களில் இந்த பேட்டரிகள் வடிந்து அப்படியே கிடந்துவிட்டன. கரண்ட் வந்த பிறகு பச்சைப் பொட்டு எரிந்தது. ஆனால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் படிந்துபோயிருந்தது. நீண்ட நாள் கரண்ட் வராது என்று தெரிந்தால் பேட்டரி பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

புதிதாக வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: வகை, வோல்ட், ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவு). மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஹட்டனில் ஒரு கடையில் எனக்கே 4 ஏ.எச். குச்சிக்குப் பதிலாக 1.8 ஏ.எச். கொடுத்தார்கள். நீளம் ஒன்று, பிளக் ஒன்று, விலை பாதி. மாட்டினால் எரியும், பச்சை வரும், ஆனால் 3 மணி நேரம் தாங்க வேண்டிய லைட் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. ஈய அமில சார்ஜரில் லித்தியம் மாட்டுவது இன்னும் மோசம், தீப்பிடிக்கலாம்.

வைக்கும் இடமும் முக்கியம். டிரையர் அறைக் கூரைக்கு அருகில் மாட்டிய லைட்டில் பேட்டரி சீக்கிரம் சாகும். ஈய அமில பேட்டரிக்குப் பத்து பாகை சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு, இங்கே அது கண்ணால் தெரிகிறது. நுவரெலியா போல 1,868 மீட்டர் உயரத்தில் தை மாதப் பனியில் வெளிச் சுவரில் இருக்கும் லைட்டுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை: குளிரில் பேட்டரி முழுப் பலத்தைக் கொடுக்காது. முடிந்தால் தாழ்வாரத்துக்கு உள்ளே நகர்த்துங்கள்.

நான்கு வருஷம் ஆகிவிட்டால் நான் சோதனைகூடப் பார்ப்பதில்லை, மாற்றிவிடுவேன். பழையதைத் தேயிலைச் செடிக்கு அடியில் எறியாதீர்கள். காட்மியமும் ஈயமும் மழையோடு இறங்கி நேரே பீலித் தண்ணீருக்குத்தான் வரும். ஈய அமில பேட்டரியைப் பழைய இரும்புக்காரர்கள் காசு கொடுத்தே வாங்குவார்கள்.

அறிகுறி 4: கரண்ட் இருக்கும்போதே எரிகிறது

ஒவ்வொரு இரவும் சுவிட்சை அணைத்த பிறகு எரிகிறது என்றால், நிரந்தர ஃபேஸை யாரோ சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். சுவிட்ச் அணைந்ததும் கரண்ட் போனதாக லைட் நினைக்கிறது. காலையில் பேட்டரி காலி. அன்று உண்மையாகவே கரண்ட் போனால் ஒன்றும் வராது. பாடசாலை மண்டபங்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன், ஏனென்றால் அங்கே சுவிட்ச் நாளெல்லாம் அணைந்தே இருக்கும். வயரை சுவிட்சுக்கு முன்னால் மாற்றினால் தீர்ந்தது.

மாலையில் மட்டும் விட்டு விட்டு எரிகிறது என்றால் வோல்டேஜ் குறைவு. சப்ளை இறங்கும்போது 85 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில், அதாவது சுமார் 195 வோல்ட்டுக்கும் 138 வோல்ட்டுக்கும் நடுவில் எங்கேயாவது எமர்ஜன்சி நிலைக்கு மாறும்படிதான் இவற்றைச் செய்கிறார்கள். லைட்டில் பிழை இல்லை.

பேட்டரி வடியும் வரை விடாமல் எரிகிறது, பச்சையும் இல்லை என்றால் சப்ளையே வரவில்லை; அறிகுறி 1இன் முதல் பிரிவைப் பாருங்கள்.

அறிகுறி 5: எமர்ஜன்சி லைட் மாட்டிய பிறகு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

ட்ரிப் சுவிட்ச் என்பது கரண்ட் வெளியே கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச். மழை நாளில், பனி மூட்டமான காலையில் மட்டும் விழுந்தால் ஈரம். வெளியே, குளியலறைப் பக்கம், கொழுந்து வாட்டும் மாடியில் இருக்கும் லைட்டுகளை முதலில் திறந்து பாருங்கள். வயர் மேலிருந்து நேராக உள்ளே இறங்கினால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே வரும். டெர்மினலுக்குக் கீழே ஒரு சொட்டு முத்து மாதிரி தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் செத்த பல்லி. வயர் கீழிருந்து நுழைய வேண்டும், நுழைவாயில் இறுக்கமாக இருக்க வேண்டும், வெளியிடத்துக்குத் தூசும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 பெட்டி வேண்டும்.

எந்த நாளும் விழுகிறது, அதுவும் மாட்டிய அன்றிலிருந்தே என்றால் நியூட்ரல் கலந்திருக்கிறது. ஃபேஸை ஒரு ட்ரிப் சுவிட்சின் கீழிருந்தும் நியூட்ரலை இன்னொன்றின் கீழிருந்தும் எடுத்திருப்பார்கள். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் ஒத்துவராததால் அது விழுகிறது. அதன் வேலையே அதுதான்.

எது என்று பிரிக்க எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கி, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எல்லாம் இறக்கியும் விழுந்தால் நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது. எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும் என்பதால் இதற்கு மேல் நீங்கள் தேட முடியாது. எலக்ட்ரீசியன் 500 வோல்ட் மெகரோடு (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வர வேண்டும். இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. மெகர் பிடிக்கும் முன் எமர்ஜன்சி லைட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் போர்டுகள் எல்லாம் போய்விடும்.

என்ன ஆனாலும் ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக வயர் கொடுக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் அந்தச் சுவிட்ச்தான் ஈரச் சுவரில் கை வைக்கும் பிள்ளைக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிறது.

அறிகுறி 6: இடி விழுந்தது, எல்லா லைட்டும் ஒன்றாகச் செத்தன

ஒன்றிரண்டு செத்திருந்தால் போர்டை முகர்ந்து பாருங்கள். கருகிய வாடையும், வட்டமான நீல அல்லது மஞ்சள் வேரிஸ்டர் (திடீரென ஏறும் வோல்ட்டைத் தாங்கும் பாகம்) வெடித்தும் இருக்கும். லைட்டை மாற்றுங்கள். பேட்டரி பெரும்பாலும் தப்பியிருக்கும், கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் செத்திருந்தால் புதிது வாங்குவதற்கு முன் எர்த்தை அளக்க ஆள் கூப்பிடுங்கள், டி.பி.யில் சர்ஜ் தடுப்பான் (இடியில் ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் கருவி) போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த ஐப்பசியில் இதே செலவு.

அறிகுறி 7: ஒரே பேட்டரி அறையிலிருந்து ஓடும் லைட்டுகள் வரவில்லை

பெரிய ஹோட்டல்களில் இந்த முறை இருக்கிறது. இதில் நீங்கள் பார்க்கக்கூடியது அறைக் கதவில் உள்ள அலாரம் விளக்கும் ஃபியூஸும் மட்டும். அதற்கு மேல் தொடாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த லைட்டுகளுக்குப் போகும் வயர் தீயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும், மற்ற வயர்களோடு ஒரே குழாயில் ஓடக் கூடாது. தனித்தனிப் பேட்டரி லைட்டில் வயர் எரிந்தால் லைட் தானாக எழும். இங்கே வயர் எரிந்தால் லைட்டும் போய்விடும். சாதாரண வயரால் பழுதுபார்த்திருப்பதைக் கண்டால் மாற்றச் சொல்லுங்கள்.

பழுது பார்த்த பிறகு

எம்.சி.பி. சோதனையை மறுபடி செய்யுங்கள். இறக்கிய 5 செக்கனுக்குள் வெளிச்சம் வர வேண்டும். படியிலும் நடைபாதையிலும் நடுக்கோட்டில் தரையில் 1 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வேண்டும். முழு நிலவு கால் லக்ஸ்தான். அதைப்போல நான்கு மடங்கு. லக்ஸ் மீட்டர் இல்லாவிட்டால் இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வயதான ஒருவரைப் படியில் இறங்கச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் காலால் தடவினால் வெளிச்சம் போதாது. ஒவ்வொரு படியும் நேரடி வெளிச்சம் பெற வேண்டும்; லைட் படிக்கட்டிலிருந்து 2 மீட்டருக்குள் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை சின்னச் சோதனை, வருஷம் ஒருமுறை முழு 3 மணி நேரச் சோதனை. முழுச் சோதனைக்குப் பிறகு 24 மணி நேரம் அந்த லைட்டுகள் வெறும் பெட்டிகள் என்பதால், கொழுந்து குவியும் நாட்களில் இரவு ஷிஃப்ட் ஓடும் ஃபெக்டரியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதியை ஒரு ஞாயிறு, மீதியை அடுத்த ஞாயிறு. பேட்டரியின் முதுகில் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள், மூடியின் உள்பக்கத்தில் எந்த எம்.சி.பி.யிலிருந்து வருகிறது என்றும்.